டயாலிசிஸ் படுக்கையில் ஹிப்-ஹாப் பீட் பழகுதல்

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் பிற்பகல் முறைக்கு வரும் இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டு ஏறத்தாழ ஆறு மாத காலம், மூன்று மணி நேரம் முடிந்ததுமே இயந்திரத்தை நிறுத்திவிடுமாறு செவிலியரிடம் வாதிட்டு வந்தார். வயது 22. இரு சிறுநீரகங்களும் செயலிழந்ததால் கல்லூரிப் படிப்பு இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோனவர். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டா என்று அவரே கேட்டுக்கொண்டார்.

நான்கு மணி நேரச் சுத்திகரிப்பில் இறுதி ஒரு மணி நேரத்தைக் கைவிடுவது சிறிய செய்தியன்று. உடலில் சேர்ந்த நீரை விரைவாக வெளியேற்றினால் இரத்த அழுத்தம் சரியும். மெல்ல வெளியேற்றினால் நேரம் வேண்டும். நேரத்தைக் குறைத்துக்கொண்டவரின் உடலில் தங்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும். தங்கும் நீர் நுரையீரலில் ஏறும். இவற்றையெல்லாம் தாளில் வரைந்து விளக்கினோம். இருமுறை நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்தபோதும் விளக்கினோம். "புரியுது டாக்டர். வலிக்கலை. நேரந்தான் நகரமாட்டேங்குது" என்பதே அவருடைய விடையாக இருந்தது.

ஒருநாள் அடுத்த படுக்கையிலிருந்த முதியவர் எங்களை அழைத்து முறையிட்டார். "இந்தத் தம்பி ஒரு மணி நேரமா மேசையைத் தட்டிக்கிட்டே இருக்கு, தூங்க முடியலை" என்றார். போய்ப் பார்த்தோம். இளைஞரின் இடக்கை ஃபிஸ்டுலா ஊசிகளோடு தலையணை மீது அசையாமல் கிடந்தது. வலக்கை விரல்கள், கைப்பேசித் திரையிலிருந்த சதுரக் கட்டங்களிலும் உணவு மேசையின் விளிம்பிலும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தன. என்ன செய்கிறீர்கள் என்றோம். ஹிப்-ஹாப் பீட் செய்யப் பழகுவதாகச் சொன்னார்.

அன்று எங்களுள் எவர்க்கும் ஹிப்-ஹாப் பற்றித் தெரிந்திருந்தது, திரைப்பாடலின் நடுவே ஒருவர் மூச்சுவிடாமல் பேசும் பகுதி என்னும் அளவே. முதலில் அவருக்கு ஒரு ஹெட்ஃபோன் ஏற்பாடு செய்தோம், முதியவர் உறங்கினார். பிறகு, அவர் நான்கு மணி நேரமும் என்னதான் செய்கிறார் என்று அறியும் ஆவலில் நாங்களும் கேட்கவும் படிக்கவும் தொடங்கினோம். அவரைக் கண்டு இப்போது எங்கள் பிரிவில் மேலும் இருவர் பழகுகின்றனர்; தொடங்க விரும்பும் பிறரும் கேட்கின்றனர். அவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் பயன்படட்டும் என்றே, இசைக்கலைஞர் அல்லாத நாங்கள் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பதினாறு கட்டங்கள்

பீட் என்பது பாடகர் தம் சொற்களைப் பொருத்துவதற்கான அடித்தளம். மேளமும் ஆழ்ந்த ஒலியும் சிறு இசைத்துணுக்கும் சேர்ந்து, ஒரே சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். இதன் தொடக்கத்தை அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராங்க்ஸ் பகுதியின் செட்ஜ்விக் அவென்யூ 1520 எண் குடியிருப்பில், 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த ஒரு விருந்தோடு இணைத்துச் சொல்வர். ஜமைக்காவில் பிறந்து அங்குக் குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர், தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். பாட்டில் பிற கருவிகள் அடங்கி மேளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் மிகுந்த ஊக்கத்தோடு ஆடுவதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றொன்றில் அதையே தொடங்கி, அந்தச் சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். சுருக்கமாகச் சொன்னால், நகராத நேரத்தைச் சுற்றாக்கிப் பிறர் விரும்பும்படி செய்தார். எங்கள் இளைஞர்க்கு இக்கலை ஏன் பிடித்தது என்பது இதைப் படித்தபின்தான் எங்களுக்கு விளங்கியது.

கை வேலையைப் பின்னர்க் கருவி ஏற்றுக்கொண்டது. 1987இல் வந்த எஸ்பி-1200 என்னும் சாம்ப்ளர், ஒலியைப் பதிவுசெய்து விரல் தட்டலில் மீட்டுத் தரும். அதன் நினைவகம் மொத்தமும் சுமார் 10 நொடி ஒலிக்கே போதுமானது. அந்தக் குறுக்கத்திற்குள்ளேயே பல சிறந்த பாடல்கள் பிறந்தன. 1988இல் ரோஜர் லின் வடிவமைத்து அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்பிசி-60 கருவியில், நான்குக்கு நான்காக 16 ரப்பர்ப் பட்டைகள் இருந்தன. இன்று கைப்பேசிச் செயலிகளின் திரையில் காணும் 16 சதுரங்கள் அதன் வழி வந்தவையே. பெருஞ்செலவு வேண்டியதில்லை. பேண்ட்லேப் என்னும் செயலி கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆப்பிள் கைப்பேசி வைத்திருப்போர்க்குக் கராஜ்பேண்ட் உண்டு. சிறு விலைக்குக் கிடைக்கும் கோலா சாம்ப்ளர், ஒற்றைக் கையால் இயக்க மிகவும் ஏற்றதாக இருக்கிறது என்பது எங்கள் நோயாளிகளின் கருத்து.

தொடங்குவோர் செய்ய வேண்டுவது இதுதான். வேகத்தை நிமிடத்திற்கு 90 தட்டு என வையுங்கள். ஒரு சுற்றில் நான்கு தட்டுகள். ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பகுத்தால் 16 கட்டங்கள். கிக் எனப்படும் பெருமேள ஒலியை 1ஆம், 9ஆம் கட்டங்களில் இடுங்கள். ஸ்நேர் எனப்படும் வெடிப்பொலியை 5ஆம், 13ஆம் கட்டங்களில் இடுங்கள். ஹை-ஹேட் எனப்படும் சிறு தாள ஒலியை 1, 3, 5, 7 என ஒற்றைப்படைக் கட்டங்கள் எட்டிலும் இடுங்கள். இயக்கிக் கேளுங்கள். இரண்டே முக்கால் நொடிக்கும் சற்றுக் குறைவான ஒரு சுற்று உங்கள் கையில் இருக்கும். அது சரியாகவும் இருக்கும், உயிரற்றும் இருக்கும்.

உயிர் எங்கே நழுவியது என்று தேடுவதுதான் உண்மையான பயிற்சி. எங்கள் இளைஞர் முதல் மூன்று வாரம் செய்த தவறு, மேலும் மேலும் ஒலிகளைச் சேர்த்துக்கொண்டே போனது. மணி, எக்காளம், சிறுவர் சிரிப்பு என்று பன்னிரண்டு ஒலிகள் ஒன்றையொன்று நெரித்தன. பிறகு ஒரு பிற்பகல் முழுவதும் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்து, கிக்கின் இரண்டாம் அடியை 9ஆம் கட்டத்திலிருந்து எடுத்து 8, 11 ஆகிய கட்டங்களில் வைத்தார். தலை தானாக அசைந்தது. அதைத் தொலைவிலிருந்து கண்ட செவிலியர், வலிப்பு வருகிறதோ என்று அஞ்சி ஓடிவந்ததும் உண்மை.

இரண்டாவது பாடம் ஸ்விங். கட்டங்கள் யாவும் ஒரே அளவில் இருந்தால் சுற்று படை அணிவகுப்புப் போல் ஒலிக்கும். இரட்டைப்படைக் கட்டத்தை மயிரிழை தாமதமாக்கினால் அது நடை பழகும். செயலிகளில் இதற்கென 50 முதல் 75 விழுக்காடு வரை ஓர் அளவுகோல் இருக்கும். 50 என்றால் நேர்கோடு. 54இலிருந்து 58க்குள் வைத்துப் பழகுவது புதியவர்க்கு நன்று. அதன்பின் அளவுகோலையே நிறுத்திவிட்டு விரலால் தட்டிப் பதிவுசெய்யலாம். தவறாக விழும் அடிகளில் சில, தவறென்று தோன்றா. அவற்றை அழிக்காதீர்கள்.

மூன்றாவது, ஒலியைத் தாமே தேடிக்கொள்வது. பிறர் பாடலிலிருந்து வெட்டியெடுத்த ஒலியை வீட்டில் பழகுவதற்குப் பயன்படுத்தலாம். வெளியிட வேண்டுமெனில் உரிமையாளரின் அனுமதி வேண்டும். சில்வர் டம்ளரில் கரண்டி படும் ஒலி, தள்ளுவண்டிச் சக்கரம், பஞ்சு உறை கிழியும் ஓசை, திரைச்சீலை வளையங்கள் கம்பியில் வழுக்கும் ஓசை ஆகியவற்றுக்கு எவர் அனுமதியும் வேண்டா. எங்கள் பிரிவில் இவை யாவும் பதிவாகிவிட்டன. பிறருடைய பேச்சும், மருத்துவர் வாசிக்கும் பரிசோதனை முடிவுகளும் பதிவாகக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

இன்னொரு கண்டிப்பும் பின்னர்ச் சேர்ந்தது. நம் இளைஞர் டயாலிசிஸ் இயந்திரத்தின் எச்சரிக்கை மணியைப் பதிவுசெய்து, அதைச் சுற்றின் முடிவில் வைத்தார். நல்ல யோசனைதான். ஹெட்ஃபோன் இணைப்பு கழன்ற ஒரு நொடியில் அது அறை முழுதும் ஒலிக்க, இரு செவிலியர் வெவ்வேறு படுக்கைகளை நோக்கி ஓடினர். பொய் மணிக்கு ஓடிப் பழகிய காது, மெய் மணிக்குத் தாமதிக்கும். ஆகவே எச்சரிக்கை ஒலிகள் எதையும் அறைக்குள் மீட்டலாகாது. வீட்டில் செய்துகொள்ளட்டும்.

ஒரு மேளக்காரரின் சிறுநீரகம்

ஹிப்-ஹாப்பில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட மேளத்துணுக்குகளுள் ஒன்று, ஜேம்ஸ் பிரவுன் குழுவின் 'ஃபங்கி டிரம்மர்' என்னும் பாடலில் உள்ளது. 1969 நவம்பரில் சின்சினாட்டி நகரில் பதிவாகிய அப்பாடலில், சில நொடிகள் தனித்து வாசித்தவர் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு. முறையாக எவரிடமும் பயின்றவரல்லர். சட்டனூகா நகரில் சிறுவனாக இருந்தபோது தொழிற்சாலைகளும் தொடர்வண்டிகளும் எழுப்பிய ஓசைகளைக் கேட்டே தாளம் கற்றவர். அந்தத் துணுக்கு எண்ணற்ற பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. ஆனால் பாடலாசிரியர் என்று அவர் பெயர் பதிவாகாததால், அந்த எடுத்தாளுகைகளுக்கான உரிமத்தொகை அவரைச் சேரவில்லை.

இதை இங்கு எழுதக் காரணம் உண்டு. ஸ்டபிள்ஃபீல்டு நம்மவர், சிறுநீரக நோயாளி. டயாலிசிஸ் செய்துகொண்டே மேடிசன் நகரில் வாசித்து வந்தார். செலவுக்கு உதவ அவ்வூர் இசைக்கலைஞர்கள் நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டினர். 2017 பிப்ரவரி 18 அன்று, 73ஆம் வயதில், சிறுநீரகச் செயலிழப்பால் காலமானார். இச்செய்தியை எங்களுக்குச் சொன்னவர் அந்த இளைஞரே. "நான் முதல்ல காப்பி பண்ணிப் பழகினது இவரோட அடிதான் டாக்டர், அப்ப எனக்கு இது தெரியாது" என்று சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனை எடுத்து எங்கள் காதில் வைத்தார். அதற்கு என்ன மறுமொழி சொல்வதென்று அப்போதும் தெரியவில்லை.

கை, காது, அழுத்தமானி

இனி எங்கள் துறைக்குரிய செய்திகள். இவற்றைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஊசி பொருத்திய கையால் தட்டவே கூடாது. தாளம் சூடுபிடிக்கும்போது இரண்டு கையும் தாமாக எழும், இது இயல்பு. இளைஞர்க்கு ஒருமுறை அவ்வாறு நேர்ந்தது. ஊசிமுனை நரம்பின் சுவரைத் துளைத்து, இரத்தம் தசைக்குள் கசிந்து, முன்கை உருளைக்கிழங்கு அளவு வீங்கியது. உடனே கவனித்ததால் ஃபிஸ்டுலா தப்பியது. ஆயினும் பத்து நாள் வேறிடத்தில் ஊசி போட நேர்ந்தது. அன்றுமுதல் அவருடைய இடமணிக்கட்டின்மேல் ஒரு சிறு துண்டைப் போர்த்தி வைக்கிறோம். கட்டுவதில்லை, நினைவூட்டலுக்காக மட்டுமே.

மற்றக் கையில் இரத்த அழுத்தமானியின் பட்டை இருக்கும். அது அரைமணிக்கு ஒருமுறை இறுகும்போது விரல்களை அசைக்காதீர்கள். அசைத்தால் அளவு பிழையாகக் காட்டும். இளைஞர் அந்த அரை நிமிடத்தை, செய்ததைக் கண்மூடிக் கேட்பதற்கென்று ஒதுக்கிக்கொண்டார். கொட்டாவி, வியர்வை, கண் இருட்டல், கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவை தோன்றினால், எவ்வளவு நல்ல சுற்று ஓடிக்கொண்டிருந்தாலும் உடனே செவிலியரை அழையுங்கள். இறுதி ஒரு மணி நேரத்தில்தான் அழுத்தம் சரிவது மிகுதி. ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் அணிவது நன்று. நாங்கள் கூப்பிடுவது கேட்க வேண்டும்.

பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்வோர்க்கு மணிக்கட்டில் ஒருவகைப் புரதம் படிந்து, அங்குள்ள நரம்பை நெரிப்பதுண்டு. இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் அதன் அறிகுறிகள். தட்டிப் பழகுவோர் இதை "பயிற்சி அதிகம்" என்று எண்ணி மறைத்துவிடுகின்றனர். மறைக்காதீர்கள். அவ்வாறே ஃபிஸ்டுலா உள்ள பக்கத்துக் கைவிரல்கள் குளிர்ந்து வெளுத்தாலோ வலித்தாலோ அன்றே சொல்லுங்கள்.

காதைப் பற்றி ஒரு சொல். சிறுநீரக நோயாளிகட்கு நாங்கள் சில வேளைகளில் தரும் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், மிகுந்த அளவில் தரப்படும் ஃபுரோசமைடும் செவிநரம்பைத் தாக்கவல்லவை. அத்தகைய மருந்து பெறுபவர் உரத்த ஒலியை அறவே தவிர்க்க வேண்டும். நலமுள்ளவர்க்கே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம். பீட் பழகுவோர் கிக்கின் அதிர்வை உணர ஒலியைக் கூட்டிக்கொண்டே போவர். நல்ல பீட் தாழ்ந்த ஒலியிலும் நிற்கும். தாழ்ந்த ஒலியில் தலை அசையவில்லையென்றால் பிழை அடிகளில் இருக்கிறது. காதில் இரைச்சல் தோன்றினால் அன்றே தெரிவியுங்கள்.

நாங்கள் செய்த பிழை

இப்பகுதியை எழுதத் தயங்கினோம். அந்த இளைஞர்தாம் எழுதச் சொன்னார்.

டெட்ராய்ட் நகரில் 1974இல் பிறந்த ஜேம்ஸ் யான்சி, ஜே டில்லா என்னும் பெயரில் ஹிப்-ஹாப் பீட் கலையில் பெரும் மாற்றம் செய்தவர். கட்டங்களுக்குச் சற்று முன்னும் பின்னுமாக அடிகளை விழச்செய்து, எந்திரத்தை மனிதர் போல் தடுமாறியும் தாங்கியும் நடக்க வைத்தார். அவர் பயன்படுத்திய எம்பிசி-3000 கருவி இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்திற்கு உரியது. அவருக்கு வந்தது டிடிபி என்னும் அரிய இரத்த நோய். நுண்ணிய இரத்தக்குழாய்களில் உறைகட்டிகள் உண்டாகிச் சிறுநீரகம், மூளை, இதயம் ஆகியவற்றைத் தாக்குவது. லூபஸ் நோயும் உடனிருந்தது. 2005இன் பெரும்பகுதியை லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனைகளில் கழித்தார். அவ்வாண்டின் இறுதியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஐரோப்பிய மேடைகளில் தோன்றினார். 'டோனட்ஸ்' என்னும் தொகுப்பு 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32ஆம் பிறந்தநாளில் வெளிவந்தது. மூன்று நாள் கழித்து அவர் காலமானார்.

அத்தொகுப்பு முழுவதும் மருத்துவமனைப் படுக்கையிலேயே உருவானது என்று நாங்கள் படித்தோம். எவ்வளவு நல்ல முன்மாதிரி என்று மகிழ்ந்து, அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

இளைஞரின் தாயார் அதைப் படித்தார். மகன் எதிலேனும் ஊன்றிவிட வேண்டும் என்று ஏங்கியிருந்தவர். அன்றுமுதல் ஒவ்வொரு முறையும், "அந்தப் பையன் சாகக் கிடந்தும் ஒரு தொகுப்பே செஞ்சிருக்கான், நீ இன்னைக்கு என்னப்பா செஞ்சே?" என்று கேட்கலானார். நாங்களும் வட்டமிட்டு வரும்போது, "புதிதாக என்ன?" என்று வினவினோம், ஊக்குவிப்பதாகத்தான் எண்ணினோம். மூன்றாம் வாரம் கைப்பேசி கவிழ்ந்து கிடந்தது. நான்காம் வாரம், மூன்று மணி நேரம் முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அன்று நாங்கள் பொட்டாசியத்தைப் பற்றிப் பேசினோம். ஒரு மூத்த செவிலியர் மட்டும் எதுவும் பேசாமல் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அவரிடந்தான் அவர் சொன்னார்: "சிஸ்டர், அந்தத் தாளை எடுத்துடுங்க. அதைப் பார்த்தா, சாகறதுக்கு முன்னாடி நானும் ஏதாவது செஞ்சு காட்டணும்னு இருக்கு."

தாளை அன்று மாலையே எடுத்தோம். பின்னர்த்தான், டான் சார்னஸ் என்பார் 2022இல் வெளியிட்ட 'டில்லா டைம்' என்னும் வரலாற்று நூலைப் படித்தோம். படுக்கையில் பிறந்த தொகுப்பு என்னும் கதை பெரும்பாலும் புனைவே என்று அவர் காட்டுகிறார். பீட்கள் பல அதற்கு முன்பே செய்யப்பட்டவை. டில்லா நோயிலும் உழைத்தார் என்பது மெய். ஆனால் நோய்ப்படுக்கை அவருக்கு ஆக்கத்தை அருளவில்லை, பறித்துக்கொண்டேயிருந்தது. மருத்துவராகிய நாங்கள் இதைக் கதை கேட்டவுடனேயே ஐயுற்றிருக்க வேண்டும். விரல் மூட்டு வீங்கிய லூபஸ் நோயாளியைக் காணாதவர்களா நாங்கள்?

அதே வரலாற்றில் நாங்கள் முதலில் கவனியாமல் விட்ட ஒருவர் உண்டு: டில்லாவின் தாயார் மொரீன் யான்சி. மகனின் நோய்க்காலத்தில் டெட்ராய்ட்டை விட்டு வந்து உடனிருந்தார். அவர் கேட்ட இசைத்தட்டுகளை மருத்துவமனைக்குச் சுமந்து சென்றார். வீங்கிய விரல்களைப் பிடித்துவிட்டார். கருவி எட்டும்படி வைத்தார். எட்ட வேண்டாதபோது எடுத்து வைத்தார். அறிவிப்புப் பலகைக்கு எதையாவது எழுதியே தீர வேண்டுமென்றால், இவரைப் பற்றி எழுதியிருக்கலாம்.

உடனிருப்போர்க்கு நாங்கள் சொல்வதும் அவ்வளவே. கைப்பேசிக்கு மின்னூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஃபோனின் காதுப்பகுதியைச் சாராயம் தோய்ந்த பஞ்சால் துடைத்துத் தாருங்கள். பிறருடன் பகிர வேண்டா. காதில் வைத்தால் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம், அவர்கள் பொய்ப் பாராட்டை எளிதில் கண்டுகொள்கின்றனர். இன்று என்ன செய்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். படுத்துக் கண்ணை மூடியிருந்தால் அதுவும் நான்கு மணி நேரம்தான். இரத்தம் அப்போதும் சுத்தமாகும். வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் பழகுவதையும் ஊக்குவிக்க வேண்டா. கால் குறுகுறுப்பாலும் அரிப்பாலும் ஏற்கெனவே உறக்கம் குறைந்தவர்களுக்கு, ஒளிரும் திரையும் திரும்பத் திரும்ப ஓடும் சுற்றும் எஞ்சிய உறக்கத்தையும் கெடுக்கும்.

இசை கேட்பது டயாலிசிஸ் நேரத்துப் பதற்றத்தை ஓரளவு தணிப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. பீட் செய்வதால் கிரியாட்டினின் இறங்காது. மருந்தின் எண்ணிக்கையும் குறையாது. தாள் அகன்ற இரண்டு வாரத்தில் இளைஞர் மீண்டும் கைப்பேசியை எடுத்தார். இப்போது நான்கு மணி நேரமும் இருக்கிறார். இதற்குப் பீட்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல எங்களால் இயலாது. அதே காலத்தில் இயந்திரத் திரவத்தின் வெப்பத்தை அரை டிகிரி குறைத்தோம். உலர் எடையைத் திருத்தினோம். கால் பிடிப்பு குறைந்தது. அடுத்த படுக்கை முதியவரும் காலை முறைக்கு மாறிவிட்டார்.

நிமிடத்திற்கு 90 தட்டு வேகத்தில் நான்கு மணி நேரம் என்பது 5,400 சுற்றுகள் என்று அவர்தாம் கணக்கிட்டுச் சொன்னார். இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளைச் செய்து வைத்திருக்கிறார். எங்களுக்குக் கேட்கக் கொடுத்தவை இரண்டு.